விறகுக் கொட்டிற் பூனைக்குட்டிகள்

வீட்டுக் கோடியிலே, பனைமட்டையும் பொச்சுமட்டையும் அடுக்கிக் கிடக்கும் விறகுக் கொட்டிலுக்குள்ளிருந்து ஒருநாட் காலையில் மெல்லிய கீச்சுக்குரல் கேட்கின்றது. எவர் வீட்டுக்கும் உரியதல்லாத பெட்டைப் பூனையொன்று அங்கே குட்டி போட்டிருக்கின்றது. இச்செய்தி வீட்டுக்குள் எட்டியதும் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. குட்டிகளை உடனே தூக்கிவந்து பால் வைத்து வளர்க்கவேண்டும் என்பது பிள்ளைகள் கட்சி. சாக்கொன்றில் இட்டுச் சந்தையடியிற் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது பெரியோர் கட்சி. இவ்விரு கட்சியாரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு: அக்குட்டிகளுக்கு வயது என்ன? நாம் இவ்வாரம் எழுதப் புகுவது பெரும்பாலும் அக்கேள்வியைப் பற்றியதே.

சந்தையடியில் விடுவோர், ‘அங்கே மீன்தலை கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்’ என்று தம் மனத்துக்கு ஆறுதல் கூறிக்கொள்வர். நான்கு வாரக் குட்டிக்கு மீன்தலையைக் கடித்துத் தின்னும் வலிமை ஏது? நாய்க்கும் வண்டிச் சில்லுக்கும் விலகி ஓடும் அறிவுதான் ஏது? சாவைத் தம் கண் காணாத இடத்துக்கு மாற்றியதேயன்றி இவர்கள் வேறொன்றும் செய்தாரல்லர். கோயில் வீதியிலும் கல்லூரி வளவிலும் விட்டுச் செல்வோரும் இவ்வினத்தவரே. கல்லூரி வளவில் விடப்பட்டவற்றை ஆண்டுதோறும் கண்டு சலித்தவர் நாம் ஆதலின் இதனைச் சற்றுக் கடுமையாகவே எழுதுகின்றோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும. விறகுக் கொட்டிலிற் பிறந்த இக்குட்டிகளைக் ‘காட்டுப்பூனைக் குட்டிகள்’ என்று பலர் அழைக்கின்றனர். அது பொருந்தாது. காட்டுப்பூனையாகிய வெருகு வேறு. வீட்டுப்பூனை மனிதரின்றி வளர்ந்து வெருட்சி கொள்வது வேறு. வெருகினைப் பூசை என வழங்குதலும் உண்டென்று தொல்காப்பிய மரபியல் கூறும். அதன் இளமையைக் குட்டி என்று சொல்லலாம் என்றும் அந்நூல் விதிக்கும். ஆதலின் சொல்லளவில் இரண்டும் பண்டே கலந்துவிட்டன. ஆயினும் உயிர்நூலார் கணக்கில் நம் கொட்டிற் பூனையும், அடுத்த வீட்டுச் சாய்மனைக் கதிரையில் உறங்கும் பூனையும் ஒரே இனம். இவ்விரண்டுக்கும் மூதாதை ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒருவகை வெருகு என்பதை 2007 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. சைப்பிரசுத் தீவிலே ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதன் ஒருவனைப் புதைத்த குழிக்கு அருகில் பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2004 இல் அறிவித்தனர். அத்துணைப் பழைய உறவு இது.

அங்ஙனமாயின், இத்தனை ஆயிரம் ஆண்டுப் பழக்கம் குட்டியின் இரத்தத்திலேயே ஊறியிராதா? மாணவர் பலர் இவ்வாறு கேட்பதுண்டு. பாட்டனார் பண்டிதராயிருந்தாரென்பதற்காகப் பேரன் பிறக்கும்போதே எழுத்தறிந்து பிறப்பதில்லை. கற்கும் ஆற்றலோடு பிறக்கின்றான், கற்பித்தால் கற்கின்றான். பூனையும் அப்படியே. மனிதரோடு பழகத்தக்க இயல்பு அதற்குப் பிறப்பில் உண்டு. மனிதர் பகைவர் அல்லர் என்னும் அறிவு மாத்திரம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கற்பிக்கப்படவேண்டும். அதனைக் கற்பிக்கும் பள்ளிக்கூடமோ நெடுங்காலம் திறந்திருப்பதன்று.

எவ்வளவு காலம் திறந்திருக்கும்? அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரத்து ரெம்பிள் சருவகலாசாலையில் ஐலீன் கார்ஷ் என்னும் அம்மையார் 1980 களில் இதனை ஆராய்ந்தார். சில குட்டிகளை மூன்றாம் வாரத்திலிருந்தும், சிலவற்றை ஏழாம் வாரத்திலிருந்தும் நாள்தோறும் மனிதர் கையில் எடுத்துப் பழக்கினர். சிலவற்றைத் தொடாமலே விட்டனர். பின்னர் சோதித்தபோது மூன்றாம் வாரத்திற் பழகத் தொடங்கியவையே மனிதரை விரைந்து அணுகின. மடியிலும் நெடுநேரம் இருந்தன. நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எடுக்கப்பட்டவற்றிலும் நாற்பது நிமிடம் எடுக்கப்பட்டவை கூடுதலாக ஒட்டின. இவ்வாராய்ச்சிகளின் பயனாகப் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையுள்ள காலமே பூனைக்குட்டி மனிதரை ஏற்றுக்கொள்ளும் பருவம் என அறிஞர் கொள்கின்றனர். ஏழு வாரம் கழிந்த மறுநாளே கதவு சாத்தப்படும் என்பதன்று. எட்டு, ஒன்பது, பத்து வாரக் குட்டிகளும் பழகும்; ஆனால் நாட்கணக்கில் முடிவது வாரக்கணக்காகும். நான்கு மாதம் மனிதர் கைபடாது வளர்ந்தது பெரும்பாலும் பழகாது.

குணம் முழுவதும் பழக்கத்தினாலே வருவதுமன்று. தந்தைப் பூனை துணிவுடையதாயின் குட்டிகளும் துணிவுடையனவாதலை சாண்டிரா மக்கியூன் என்பவர் 1995 இல் எழுதிய கட்டுரை எடுத்துக் காட்டிற்று. அத்தந்தைகள் தம் குட்டிகளைக் கண்டவையுமல்ல! கடுவன் எதுவென்று நமக்குத் தெரியவாராதாகையால் ஒரே ஈற்றிற் பிறந்த குட்டிகளுள் ஒன்று இரண்டு நாளிலும் மற்றொன்று இருபது நாளிலும் பழகுவதைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை.

இனி வயதை அறிவது எவ்வாறு? பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் நிறையுடையது. நன்றாக வளர்வது நாளொன்றுக்கு 10 கிராம் அளவிற் கூடும். கண்கள் ஏழு முதல் பத்து நாளுக்குள்ளே திறக்கத் தொடங்கும். மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கும். முன்பற்கள் ஈறைப் பிளக்கும். நான்காம் வாரத்தில் வாலைக் கம்பம்போல் நிமிர்த்திக்கொண்டு ஓடவும், உடன்பிறந்தவற்றோடு மல்லுக்கட்டவும் தொடங்கும். ஐந்தாம் ஆறாம் வாரங்களில் கண்ணின் நீலம் மாறி உரிய நிறம் வரத் தொடங்கும். இரண்டு மாதமாகும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் இருக்கும். சமையலறைத் தராசும் சிறிது பொறுமையும் இதற்குப் போதும்.

கண் திறவாத குட்டியைத் தூக்கி வருதல் ஆகாது. ‘தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது’ என்று பிள்ளைகள் வந்து சொல்வர். தாய் பெரும்பாலும் இரைதேடப் போயிருக்கும். மனிதர் சூழ்ந்து நின்றால் அது வரவும் மாட்டாது. தொலைவில் மறைந்திருந்து பல மணி நேரம் பார்க்கவேண்டும். குட்டிகள் வயிறு நிறைந்து ஒன்றன்மேலொன்றாக உறங்குமாயின் தாய் உண்டென்பது தெளிவு. இடம் பாதுகாப்பற்றதென அதற்குத் தோன்றினால் ஒவ்வொன்றாகக் கழுத்துத்தோலிற் கவ்விக் கொண்டு வேறிடம் சென்றுவிடும். இறைவன் உயிரைத் தானே சுமப்பான் என்பதை விளக்க வைணவ ஆசாரியர்கள் எடுத்த மார்ச்சால நியாயம் இக்காட்சியிற் பிறந்ததே. தாய்க்குத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உணவு வைத்து வந்தால் அது இடம் மாறுவது குறையும். நம்மைக் கண்டு ஓடுவதும் குறையும். தாயார் நம்மைக் கண்டு சீறாதிருப்பதைக் காணும் குட்டிக்குப் பாதிப் பாடம் முடிந்ததுபோலாம்.

நான்கு முதல் ஆறு வாரத்துக்குள், தாமே நக்கி உண்ணத் தொடங்கியபின் எடுத்தல் நன்று. உண்மையாகவே தாயற்றுப்போன சின்னஞ்சிறு குட்டிகளாயின் வேலை பெரிது. முதல் வாரங்களில் அவற்றுக்குத் தம் உடற்சூட்டைக் காக்கும் ஆற்றலில்லை. சுடுநீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி அருகில் வைக்கவேண்டும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குச் சூடேறுமுன் பால் புகட்டலாகாது. புகட்டும்போது மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுட் சென்று கொன்றுவிடும். தாயிடம் குடிப்பதுபோல் வயிறு கீழ்ப்பட இருத்தல் வேண்டும். ஊட்டியபின் ஈரப்பஞ்சினால் அடிவயிற்றையும் பின்புறத்தையும் மெல்லத் தடவிச் சிறுநீர் கழிப்பிப்பதும் நம் கடமையே. தாய் நாவினாற் செய்வது அது.

பால் என்றதும் பசுப்பாலை நினைத்தல் வேண்டா. பூனைப்பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் பசுப்பாலில் இல்லை. பசுப்பாலிலுள்ள பாற்சருக்கரையோ குட்டிக்குக் கழிச்சலை உண்டாக்கும். கழிச்சல் கண்ட குட்டி ஓரிரு நாளில் நீர்வற்றி இறந்துபோகும். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசைக்குத் தம்மை ஒப்பிட்ட கம்பர்மேல் நமக்கு யாதொரு குறையுமில்லை. ஆயினும் அப்பூனையின் வயிறு மறுநாள் என்னாயிற்றோ என எண்ணாதிருக்க முடியவில்லை. பூனைக்குட்டிக்கென்றே செய்யப்பட்ட பால்மா மருந்துக் கடைகள் சிலவற்றிலும் மிருக வைத்தியரிடமும் கிடைக்கும். ஐந்து வாரம் கடந்தவற்றுக்கு உப்பும் தூளும் சேராமல் அவித்து முள்ளெடுத்து மசித்த மீன் போதும். அவித்த கோழியிறைச்சியும் ஆகும். அவிக்கும்போது வெங்காயம் சேர்த்தலாகாது. அது பூனைக்கு நஞ்சு. இரண்டு மூன்று முறை நிறைய வைப்பதினும் நாளில் நான்கு முறை சிறிதுசிறிதாக வைப்பது நன்று. உணவைத் தவிர வேறொரு சட்டம்பியார் அக்குட்டிக்கு இல்லை என்பதை இனி வருவது காட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பிக்கும் கல்லூரியில் உடைந்த வாங்குகள் அடுக்கியிருந்த அறையொன்றில் மூன்று குட்டிகள் அகப்பட்டன. ஆறு வாரமிருக்கும். சாம்பல் நிறத்தன இரண்டு, கரியது ஒன்று. உயர்தர வகுப்பு மாணவர் இருவர் பொறுப்பேற்றனர். முதலில் அறையின் ஒரு மூலையை மறித்துச் சிறிய இடமாக்கினோம். பெரிய இடத்தில் விடப்பட்ட குட்டி அலுமாரிக்குப் பின்னே புகுந்துகொள்ளும். பின்பு அது பழகுவதற்கு நம்மைக் காண்பதேயில்லை. ஒளித்திருக்க ஒரு கடதாசிப் பெட்டி, மலங்கழிக்க மணலிட்ட தட்டம், படுக்கப் பழஞ்சாக்கு, இவ்வளவே அங்கிருந்தவை. முதல் இரண்டு நாளும் எவரும் அவற்றைத் தொடவில்லை. மாணவர் முறைமாறி நிலத்தில் அமர்ந்து தம் சரித்திர பாடத்தை உரக்கப் படித்தனர். மனிதக் குரல் கேட்கும்போதெல்லாம் துன்பம் ஒன்றும் நேரவில்லை என்பதே குட்டிகளுக்குரிய முதற்பாடம். அமர்ந்திருத்தலும் காரணத்தோடு செய்ததே; நின்ற மனிதன் குட்டிக்குப் பனைமரத்தளவு உயரம்.

மூன்றாம் நாள் முதல் உணவுத் தட்டத்தை மாணவரின் காலருகே வைத்தோம். பசி அச்சத்தை வெல்லும் நேரத்தைத் தேர்ந்து வைக்கவேண்டும். பட்டினி போடுதல் வேறு, அது செய்யத்தக்கதன்று. சாம்பற் குட்டிகள் நான்காம் நாள் மடியோரம் வந்து உண்டன. கரியதோ பெட்டிக்குள்ளிருந்து சீறியது. மயிர் சிலிர்த்துத் துப்பியது. மாணவருள் ஒருவர் சிறு மரக்கரண்டியை அடிமட்டத்தின் நுனியிற் கட்டி, மசித்த மீனை அதில் வைத்து நீட்டினார். நாளுக்கு நாள் அடிமட்டத்தை ஓரங்குலம் குறுக்கிப் பிடித்தார். கரண்டி கையாயிற்று, கை விரலாயிற்று. விரலை நக்கிய அன்று அதன் தாடையின் கீழே மெல்லத் தடவினார். தலைக்குமேலிருந்து இறங்கும் கையைப் பருந்தென்று எண்ணி அஞ்சும் குட்டி, கீழிருந்து வரும் கையைப் பொறுத்துக்கொள்ளும். பத்தொன்பதாம் நாள் அது அவர் மடியிற் கிடந்து குறுகுறு என ஒலித்தது. சீற்றத்தைக் கோபமென்று கொண்டு பின்வாங்கியிருந்தால் அது நிகழ்ந்திராது. சீறுங் குட்டி அஞ்சுங் குட்டி, அவ்வளவே.

இடையில் உடன்பிறந்தவற்றைப் பகலில் சில மணி நேரம் பிரித்து வைத்ததும் பயன்பட்டது. மூன்றும் ஒன்றாயிருக்கும்வரை ஒன்றினச்சம் மற்றதைத் தொற்றும். தோழமைக்கும் மனிதர் தேவையில்லை. தனியே இருக்கும்போது நம்மைத் தேடும். ஒரே குட்டியை நெடுநாள் தனித்து வளர்த்தலையும் நாம் விரும்பவில்லை. கடியின் அளவைக் குட்டி கற்பது தன் உடன்பிறப்பிடமே. கண்ணோடு கண் உறுத்துப் பார்த்தல் பூனையுலகிற் போர் அழைப்பு. கண்களைப் பாதி மூடி மெல்லத் திறந்து காட்டினால் பூனை அணுகி வருவது மிகுதியென்று இங்கிலாந்தின் சசெக்ஸ் சருவகலாசாலையார் 2020 இல் வெளியிட்டனர். இதனைப் பாட்டிமார் பலர் அடுப்படியில் இருந்தபடியே அறிந்திருப்பர். விளையாட்டுக்கு நூலிற் கட்டிய துணித்துண்டு வேண்டும். விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டினால், விரல் இரையென்று குட்டி கற்றுக்கொள்ளும். பின்னர் அதனை மறப்பிக்க முடியாது.

ஒருவர் மாத்திரம் பழக்கினால் அக்குட்டி அவருக்கு மாத்திரமே பூனையாகும். 1967 இல் கொலார்ட் என்பவர் செய்த ஆராய்ச்சியில், ஐவர் கையில் வளர்ந்த குட்டிகள் அயலாருக்கு அஞ்சாதிருந்தன. ஒருவர் கையில் வளர்ந்தவை அஞ்சின. வேறு வீட்டுக்குக் கொடுக்கவிருக்கும் குட்டியைப் பலர் எடுத்துப் பழக்கவேண்டும். அம்மியரைக்கும் ஓசையும் வானொலியும் குழந்தை அழுகையும் அதன் காதில் விழவேண்டும்.

ஒன்றைச் சொல்லாது விட்டோம். முதல்நாள் அக்கரிய குட்டியைப் பெட்டியிலிடும்போது அது ஒரு மாணவரின் பெருவிரலைக் கடித்துவிட்டது. சவர்க்காரமிட்டு ஓடுநீரிற் பதினைந்து நிமிடம் கழுவச் செய்து அப்பொழுதே அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினோம். மாலையில் அவர் தந்தையார் வந்தார். “பூனை கடிச்சதுக்கெல்லாம் ஆசுப்பத்திரியோ, மாஸ்ரர்?” என்று சிரித்தார். அவர் சிரித்ததுபோலச் சிரிக்கும் வீடுகள் பலவுண்டு என்பதனாலேயே இதை எழுதுகின்றோம். விசர்நாய்க்கடி நோய் நாய்க்கு மாத்திரம் உரியதன்று. நோயுற்ற பூனையின் கடியும், உமிழ்நீர் பட்ட பிறாண்டலும் அதனைக் கொண்டுவரும். குறிகள் தோன்றியபின் அந்நோயிலிருந்து தப்பியவர் உலகிலேயே மிக அரியர். குறிகள் தோன்றுமுன் ஊசிமருந்து ஏற்றினால் நோய் வாராமலே தடுக்கலாம். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் அம்மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை. ஆகவே, தெருப்பூனைக் குட்டியைத் தடித்த துவாயாற் போர்த்தே எடுக்கவேண்டும்; சிறுபிள்ளைகள் எடுக்கலாகாது. அதனினும் முக்கியமாக, கடிபட்ட பிள்ளை அடிக்கு அஞ்சி மறைக்காதிருக்கும்படி வீட்டிலுள்ளோர் நடந்துகொள்ள வேண்டும். ‘பூனையைத் தொடாதே என்று சொன்னேனல்லவா’ என்று கையோங்கும் வீட்டிலேதான் கடித்தழும்பு சட்டைக் கைக்குள் ஒளிந்துகொள்கிறது.

கருவுற்ற தாய்மார் மணற்றட்டத்தைத் துப்புரவு செய்தலைத் தவிர்க்க. பூனை மலத்தினால் பரவும் ஒரு நுண்கிருமி வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கக்கூடும். மற்றையோர் நாள்தோறும் அம்மணலை மாற்றிக் கைகழுவினால் அவ்வபாயம் மிகக் குறையும். அக்கிருமி தொற்றும் நிலையை அடைய ஒருநாளேனும் செல்லும். குட்டிகளுக்குக் குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் எப்பொழுது என்பதை மிருக வைத்தியர் கூறுவார். தெள்ளு மிகுந்த சிறுகுட்டி இரத்தங்குறைந்து இறத்தலும் உண்டாகையால் அதனையும் அவரிடம் காட்டுக. நாய்க்குரிய தெள்ளு மருந்தைப் பூனைமேற் பூசுதல் கூடாது; அவற்றுட் சில பூனையைக் கொல்லும்.

வன்னிப் பக்கத்து வாசகருக்குத் தனியே ஒரு சொல். காட்டோரத்திலோ வயலிலோ தனித்த குட்டியைக் கண்டால் அது மெய்யாகவே காட்டுயிராயிருக்கலாம். உலகின் மிகச்சிறு பூனையினங்களுள் ஒன்றாகிய துருநிறப் புள்ளிப் பூனை நம் நாட்டில் உண்டு. வளர்ந்ததும் ஒன்றரைக் கிலோகிராம் அளவிலேயே நிற்பது. அதன் குட்டியை வீட்டுப்பூனைக் குட்டியென மயங்குதல் எளிது. அதனைப் பழக்குதல் சட்டத்துக்கும் மாறு, அவ்வுயிருக்கும் கேடு. இருந்த இடத்திலேயே விட்டு விலகி, தாய் வாராவிடின் வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவிக்க வேண்டும்.

குட்டிகள் பழகி வீடு சேர்ந்தன. கொட்டிலிலே தாய் இருக்கின்றது. அதனை மடியிலிருத்த முயலுதல் வீண். வளர்ந்தபின் அடைத்து வைப்பது அதற்குச் சிறையே. ஆயின் அதனை மறந்துவிட்டாலோ செய்த வேலையெல்லாம் அவமாகும். பூனையின் கருப்பக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். பால் கொடுக்கும்போதே மீண்டும் கருவுறவும் வல்லது. அதன் பெட்டைக் குட்டியோ நான்கைந்து மாதத்தில் தானும் தாயாகத் தயாராகும். கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்வித்து, பிடித்த இடத்திலேயே விடுதல் பல நாடுகளிற் கைக்கொள்ளப்படும் முறை. சிகிச்சை பெற்றதை மறுபடி பிடிக்காதிருக்க ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டி அடையாளமிடுவர். கல்லூரிப் பூனைக்கு அதனைச் செய்விக்க ஆசிரியர் சிலர் பணஞ் சேர்த்தனர். அது இன்றும் சமையற்கூடத்துக்குப் பின்னே, மனிதருக்குப் பத்தடி தள்ளியே அமர்ந்து, எலிபிடித்து வாழ்கின்றது.

குட்டியை வேறு வீட்டுக்குக் கொடுக்கும்போது அது படுத்திருந்த பழஞ்சாக்கையும் உடன் கொடுத்தனுப்புக. புதுவீட்டில் முதலிரண்டு நாளும் அது பழகியதெல்லாம் மறந்ததுபோல் கட்டிலின் கீழே ஒளிக்கும். சாக்கை ஓரறையில் விரித்து, கதவைச் சாத்தி, அந்த வீட்டுப் பிள்ளை ஒருவரை அருகில் அமர்ந்து பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லலாம்.